ஆகமச் சுவடிகள் குடியிருக்கும் வீடு

சிவகாசி விசுவநாதருக்கும் திருச்சுழி திருமேனிநாதருக்கும் அன்றாடம் நடக்கிற பூசை, ஆகமங்கள் வகுத்த முறை. கருவறை அமைப்பு, கொடியேற்றம், குடமுழுக்கு எல்லாவற்றுக்கும் அவற்றில் விதி உண்டு. அந்தச் சைவ ஆகமச் சுவடிகள் உலகிலேயே அதிகமாகச் சேர்ந்திருப்பது புதுச்சேரியில். அங்கே கடலோரம் செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு இன்று போய்வருவோம்.

1955-ல் ழான் ஃபிலியோசா தொடங்கிய நிறுவனம் இது. மறு ஆண்டே சுவடி தேடும் வேலை ஆரம்பமானது. என்.ஆர். பட் முதலான பண்டிதர்கள் குருக்கள் வீடுகளையும் கோயில்களையும் மடங்களையும் தேடிப் போனார்கள். கொடுக்க மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கி, காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, ஏட்டைத் திருப்பித் தந்தார்கள். அப்படி எழுதிய பிரதிகள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல்.

அங்குள்ள ஏடுகளில் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழி நூல்கள். தமிழ் ஏடுகளும் உண்டு. மங்கிய எழுத்தின்மேல் கரி தடவித் துடைத்தால், எழுத்தாணி கீறிய கோடுகள் பளிச்சென்று தெரியும். புல்தைலம் பூசினால் ஓலை பதமாகும், பூச்சி அண்டாது. தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரிக் கிளையில் உள்ளவற்றையும் சேர்த்தால் சுமார் 11,000 சுவடிகள். 2005-ல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இவ்வளவு பாடு எதற்கு? நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. அது நைவதற்குள் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வந்தார்கள் முன்னோர். அச்சு வந்ததும் அந்த வழக்கம் நின்றது. அச்சேறிய நூல் பிழைத்தது. ஏறாதது செல்லுக்கு இரையானது. தீப்பெட்டி லேபிள் முதல் நாள்காட்டி வரை அச்சடித்து ஊரூராக அனுப்பும் சிவகாசி மக்களுக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கும்.

அப்படி ஏடுகள் அழிந்த ஊர் ஒன்று ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது, கரிவலம்வந்தநல்லூர். வரதுங்கராம பாண்டியர் வைத்திருந்த ஏடுகள் அங்குள்ள கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 'என் சரித்திர'த்தில் அவர் இதை வேதனையோடு எழுதியிருக்கிறார். அந்தத் தீயில் என்னென்ன நூல்கள் போயின என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுப் பரணிலோ பூசையறையிலோ ஓலைக்கட்டு இருக்கிறதா? வைத்தியமோ, சோதிடமோ, கணக்கோ, எதுவானாலும் ஆற்றில் விடாதீர்கள், நெருப்பில் இடாதீர்கள். ஒட்டிக்கிடக்கும் ஓலையை வலிந்து பிரித்தால் ஒடிந்துபோகும், அப்படியே வைத்திருங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறைக்கோ எழுதிக் கேளுங்கள். தாத்தா சொத்தைக் கொடுக்க மனம் வரவில்லையென்றால் படமெடுக்க மட்டுமாவது இசையுங்கள். வேறெங்கும் இல்லாத ஒரு நூல் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். அதைக் காப்பாற்றும் பொறுப்பு இன்று உங்களுடையது.