ஊர் சேர்ந்து ஒரு மணி நேரம்



இந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் கைப்பேசியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் மேடையேறுகிறவர்கள் பிள்ளைகளை ஒரு மூச்சுத் திட்டிவிட்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2020இல் கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, இனிப் பாடமெல்லாம் போனில்தான் என்று அதை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் நாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைக்கிற மகனின் முகத்தை நம் சிவகங்கை மாவட்டத்தில் எத்தனையோ தாய்மார்கள் அந்தத் திரையில்தான் பார்க்கிறார்கள். அதைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கொஞ்ச நேரம் கீழே வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதையும் தனித்தனியாக வைக்க வேண்டாம், ஊராகச் சேர்ந்து வைப்போம் என்கிறேன்.

மகாராஷ்டிரத்தில், சாங்லி மாவட்டத்தில், வட்காவ் என்றொரு கிராமம் இருக்கிறது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழ்கிற ஊர். ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகளின் கையை விட்டுப் போன் இறங்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். யோசனையைக் கேட்டு ஆண்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள். பெண்களைக் கூட்டிக் கேட்டபோது, தாங்களும் தொலைக்காட்சித் தொடர்களில் மூழ்கிக் கிடப்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஊர் அதிலிருந்துதான் திரும்பியது. 2022 ஆகஸ்ட் 15 முதல் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கத் தொடங்கியது. ஒலித்ததும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைய வேண்டும். எட்டரை மணிக்கு மறுபடி சைரன். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குப் படிப்பு, பெரியவர்களுக்குப் பேச்சு. அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தெருத் தெருவாக நடந்து நினைவூட்டினார்கள்.

மராத்திக்காரர்களுக்கு முடியும், நம் ஊரில் நடக்குமா என்று சிலர் நினைப்பீர்கள். நம் மாவட்டத்தில் இதைவிடக் கடினமானதை இரண்டு ஊர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகின்றன. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. அங்குள்ள கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. மழைக்காலம் பிறக்கும்போது மஞ்சள் மூக்கு நாரையும், நத்தை குத்தி நாரையும், கரண்டிவாயனும் வந்து கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அதே சமயத்தில் தீபாவளியும் வரும். பறவைகள் மிரளக் கூடாதென்று அந்த ஊர்களின் மக்கள் வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்போடு போய் அவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் சொல்லுங்கள். தீபாவளியன்று தெருவெல்லாம் வெடித்துக்கொண்டிருக்க, உன் வீட்டில் மட்டும் வெடி கிடையாது என்றால் எப்படி இருக்கும்? அழுகை வரும். ஆனால் கொள்ளுக்குடிப்பட்டியில் பிறந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலும் வெடி இல்லை, எதிர்வீட்டிலும் இல்லை. தண்டனையாகத் தோன்ற வேண்டியது அங்கே ஊர் வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் இல்லை என்கிறபோது எனக்கு இல்லை என்ற ஏக்கம் பாதியாகக் கரைந்துவிடும்.

கைப்பேசியில் நாம் நேர்மாறாகச் செய்கிறோம். ஒரு தாய், ஒரு பிள்ளை, பூட்டிய அறைக்குள் ஒரு சண்டை. அந்தச் சண்டையில் இருவரும் தோற்கிறார்கள், ஏனென்றால் எதிரே நிற்பது சின்னச் சக்தி இல்லை. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் கீழே அடுத்த பக்கத்தின் எண் இருக்கும். அதை அழுத்துவதற்குள் விரல் ஒரு கணம் நிற்கும், போதுமே என்று மனமும் நினைக்கும். 2006இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஆசா ராஸ்கின், பக்கம் முடியவே முடியாமல் தானாக நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். அவர் வருந்தியும் என்ன, முறை நிலைத்துவிட்டது. படித்த பெரிய மூளைகள் கூடி, நம் கண் அகலாதிருக்க அதைப் பயன்படுத்திக்கொண்டன. அதன் முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே நிறுத்திவிட்டு, உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்பது நியாயமே இல்லை.

சரி, கீழே வைத்தாயிற்று. அந்த நேரத்தில் என்ன செய்வது? பேசுங்கள் என்பேன். நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லாத மனிதர்களோடு பேசுங்கள்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஓர் இளம் தமிழாசிரியர். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று ஆசிரியர் அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், பட்டியலுக்குக் குறைவா? முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்ற விதமாகக் கேட்கிறார். தெரியாது. பெருமையோடு போன மனிதருக்கு அது எப்படிக் குத்தியிருக்கும்! ஆனாலும் அவர் மறுபடி போனார். இருவரும் சிந்தாமணியைச் சேர்ந்து படித்தார்கள். 1887இல் அந்த நூல் அச்சாகி வந்தது. அந்த ஆசிரியர்தான் உ.வே.சாமிநாதையர். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அடுத்தடுத்து அவர் பதிப்பில் வெளிவந்தன.

இன்றைய கைப்பேசி அவர் கையில் இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இவருக்கு அந்தாதி பிடிக்கும் என்று கண்டுகொண்டு, மேலும் மேலும் அந்தாதியையே காட்டியிருக்கும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல எதிரே ஒரு மனிதர் உட்கார வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் இன்னொன்றும் செய்யலாம்: போனில் மூழ்கி நாம் பார்க்காமல் விட்டவற்றைப் பார்க்கலாம். நம் ஊரணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் மண் மூடியிருக்கிறது, கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகத் தண்ணீர் எந்த ஊருக்குப் போகும்? நம் தாத்தாக்களுக்கு இது தெருவில் நின்றே தெரிந்த செய்தி. தினமும் அந்த வழியில் நடந்தார்கள், அடைப்பு விழுந்தால் கண்ணில் பட்டது, அன்று மாலையே மடைக்கரையில் பேச்சாகிவிடும். இன்றைக்கும் அந்த வழியில் நடக்கிறோம், தலை குனிந்திருக்கிறது. யாரும் பார்க்காத வாய்க்கால் முதலில் குப்பைமேடாகும், பிறகு யாரோ ஒருவரின் வேலிக்குள் போய்விடும். இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே இந்த வாசகர் வட்டத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஊர் முழுக்க வேண்டாம், நூலகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும் தொடங்குவோம். ஞாயிறு மாலை 6 மணி முதல் 7 மணி வரை. முதலில் பெரியவர்கள் நம் போனை வீட்டில் வைத்துவிட்டு வருவோம். வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருப்பவர்களும், வீட்டில் நோயாளி இருப்பவர்களும் வைத்துக்கொள்ளட்டும், அவர்களை ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. முதல் வாரம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரணியின் வரத்துக்கால் வழியே அதன் தலைப்பு வரை நடப்போம். வழி தெரிந்த விவசாயிகள் இரண்டு பேரை முன்னால் விடுவோம். பிள்ளைகள் நோட்டும் பென்சிலும் எடுத்து வரட்டும், அடைப்பு இருக்கும் இடத்தையெல்லாம் படமாக வரையட்டும். அதை இதே கூடத்தில் ஒட்டி வைத்துவிட்டு, மனுவாக எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்போம். மழைக்காலம் வந்ததும் ஒரு ஞாயிறு வேட்டங்குடிப்பட்டிக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். வெடிக்காமல் இருக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளை நம் பிள்ளைகள் நேரில் சந்தித்துப் பேசட்டும்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு நடக்க வருகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.