வண்டியில் செய்யும் மாற்றங்களும் புத்தளத்து உப்புக் காற்றும்

கொம்பனியிலிருந்து வரும் வண்டி ஒரு கணக்கோடு வருகிறது. எஞ்சினின் வலு, பிரேக்கின் பிடி, ஸ்பிரிங்கின் தாங்குதிறன், வயரின் தடிப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த அளவிடப்பட்டவை. வாங்கிய பிறகு அதில் ஒன்றை மட்டும் மாற்றினால், மற்றவை பழைய அளவிலேயே நின்றுவிடும். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தில் இந்தக் கணக்கோடு உப்புக் காற்றும் மணலும் சேர்ந்துகொள்கின்றன.

மீனும் மரக்கறியும் ஏற்றும் டிமோ பட்டாவை எடுத்துக்கொள்வோம். டாட்டா ஏஸ் என்பது அதன் கொம்பனிப் பெயர். தொடக்க கால மாதிரிக்கு 702 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைவலு, ஏறத்தாழ 750 கிலோ சுமை. பின்பக்கம் சாயாமலிருக்க மேலதிக ஸ்பிரிங் தகடுகளைச் சேர்ப்பது வழக்கமான வேலை. செலவு குறைவு, பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சாய்வு மறைந்ததும் சுமை கூடியது சாரதிக்குத் தெரியாமல் போகிறது. சுமையை இருமடங்காக்கினால் வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அதே வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய சூடும் ஒன்றரை மடங்காகும். பிரேக், கிளட்ச், சில்லுத் தாங்கி எதுவும் மாற்றப்படவில்லை. ஸ்பிரிங்குக்குக் கொடுத்த காசு சிறியதுதான். கிளட்ச் தகட்டுக்கும் டயருக்கும் பிறகு கொடுப்பது அதைவிடப் பல மடங்கு.

அதே வண்டியில் செய்யத்தக்க நல்ல மாற்றமொன்றும் உண்டு. ஐஸ் உருகி வழியும் மீன் தண்ணீர் சேஸியில் விழாமல் வெளியே போக ஒரு குழாய் பொருத்துவதே அது. உப்புநீர் இரும்பை அரிக்கும் வேகம் மழைநீரைவிட மிக அதிகம். அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பவர்கள், முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, துருவைச் சுரண்டி, உலரவிட வேண்டும். ஈர உப்பின் மேல் அடித்த பூச்சு, உப்பை உள்ளே பூட்டி வைத்துவிடும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும் சேஸி உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும்.

த்ரீவீலரிலும் மோட்டார் சைக்கிளிலும் முதலில் மாற்றப்படுவது சைலன்சர், அடுத்தது லைட். சைலன்சரின் உள்தடுப்புகளை எடுத்துவிட்டால் சத்தம் கூடும். சின்ன எஞ்சினில் அதற்கேற்றபடி எரிபொருள் கலவையைச் சரிசெய்யாவிட்டால், குறைந்த வேகத்தில் இழுவை குறையக்கூடும். சத்தத்தை வலு என்று காது நம்புவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓடுவது இதைவிட மோசம். கற்பிட்டி மணலின் நுண்துகள் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும்.

லைட்டின் கதை இன்னும் நுட்பமானது. 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் பல்பைப் போட்டால், வயரில் ஓடும் மின்னோட்டம் 1.67 மடங்காகும். வயரில் உண்டாகும் சூடு அதன் இருமடியாக, ஏறத்தாழ 2.8 மடங்காகக் கூடும். வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பில் உப்பு ஈரம் ஏறிச் செம்பு பச்சை பிடித்திருந்தால் சூடு அந்த இடத்திலேயே குவியும். வண்டி தீப்பிடிக்க அது போதும். தனி ரிலேயும் பியூஸும் வைத்து வயர் இழுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் வேலைக்கூலி பல்பின் விலையைத் தாண்டுவதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள்.

எரிபொருளையே மாற்றிப் பார்த்த காலமும் இருந்தது. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்; மண்ணெண்ணெய் 87 ரூபாய். வண்டியைப் பெற்றோலில் இயக்கிச் சூடேற்றி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பலர் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சினும் அப்படித்தானே இயங்குகிறது என்பது அவர்களின் வாதம். ஆனால் அந்தப் படகு எஞ்சின் குறைந்த அமுக்கத்தோடு மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்டது. பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்து பிஸ்டனைத் தட்டும். ஆவியாகாத பகுதி கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அந்த ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 340 ரூபாய்க்கு உயர்ந்தபோது, மிச்சம் பிடித்த கணக்கும் பொய்த்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியை ஓடவைப்பதே பெரும்பாடாக இருந்தது. பெற்றோல் த்ரீவீலரை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டமொன்றும் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் தொடங்கியது. எஞ்சின், பற்றரி, கட்டுப்பாட்டுக் கருவி, பதிவு எல்லாம் சேர்த்து மாறுவதால், அரைகுறை மாற்றங்களோடு இதை ஒன்றாக எண்ணக்கூடாது. கரையோரத்தில் கவனிக்க வேண்டியது பற்றரிப் பெட்டியின் நீர்க்காப்புதான்.

வில்பத்து ஜீப்புகளுக்குப் பெரிய டயரும் உயர்ந்த காற்றுக்குழாயும் அழகு சேர்க்கின்றன. டயரின் விட்டம் நூற்றுக்கு ஐந்து கூடினால், ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். எஞ்சின் இழுக்கவும் சிரமப்படும். காற்றுக்குழாய் எஞ்சினுக்குள் தண்ணீர் போவதைத்தான் தடுக்கும். எலுவன்குளத்தில் கலா ஓயா பெருகும்போது டிபரென்ஷியலுக்கும் மின்கருவிகளுக்கும் அதனால் பாதுகாப்பில்லை. மணலில் புதையாமலிருக்க டயர்க் காற்றைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். தார் வீதிக்கு ஏறுமுன் மறுபடி நிரப்ப வேண்டும்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பஸ்களிலும் த்ரீவீலர்களிலும் பூட்டிய மேலதிக பாகங்களைப் பொலிஸார் கழற்றச் செய்தபோது, தனியார் பஸ் சங்கங்கள் எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் இருந்ததோ இல்லையோ, பூட்டிய காசு திரும்பி வராது. காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் நட்டஈட்டுத் தகராறாகவும் மாறலாம். ஆகவே மாற்றம் செய்பவர்கள், கழற்றிய கொம்பனிப் பாகங்களைக் கராஜிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வது நல்லது. புகைப் பரிசோதனைக்கும், நாளை வண்டியை விற்பதற்கும் அவையே கைகொடுக்கும்.