மேயர் நாற்காலிக்கு மேலே

(வாவிக்கரைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஒரு மனிதரின் அரசியல் வாழ்வைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். புகழ்மாலை சூட்டவுமல்ல, வசை பாடவுமல்ல. அவ்விரண்டும் அவருக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டன.

மட்டக்களப்பு மாநகரசபையின் முதல் மேயர் செல்லையா இராசதுரை. ‘சுதந்திரன்’ பத்திரிகையில் எழுதுகோல் பிடித்த அவ்விளைஞர், 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் புகுந்தார். ‘சொல்லின் செல்வர்’ என்று தமிழ் மக்கள் அவரை அழைத்தனர். 1967இல், பாராளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே, மேயர் நாற்காலியிலும் அமர்ந்தார்.

அந்த நாற்காலியின் அதிகாரம் எதுவரை? தெரு, வடிகால், சந்தை, விளக்கு. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் அதிகாரம் தோணியிலேயே தங்கிவிடும். உன்னிச்சைக் குளத்து நீருக்கும் விதைநெல்லுக்கும் கொழும்பைத்தான் கேட்க வேண்டும். நகரசபைக்கும் கொழும்புக்கும் இடையே மக்கள் தெரிந்தெடுத்த சபை எதுவும் அன்று இருக்கவில்லை.

இது தற்செயலன்று. 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் பிரதேச சபைகளைத் தருவதாக இருந்தது. மறு ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கா ஒப்புக்கொண்ட மாவட்ட சபைகள் 1968இல் கைவிடப்பட்டன. இராசதுரை மேயராக இருந்த காலத்தையொட்டியே அது நடந்தது!

1978 நவம்பர் 23இல் சூறாவளி வந்தது. தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. மறு ஆண்டு இராசதுரை ஆளுங்கட்சிக்கு மாறிப் பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். 1977 தேர்தலில் காசி ஆனந்தனைத் தமக்கெதிரே நிறுத்திய கசப்பு என்பார் சிலர். பதவி ஆசை என்பார் சிலர். சட்டத் தொழிலில் நாம் கற்றது ஒன்றுண்டு: செயலுக்குச் சாட்சி கிடைக்கும், மனத்துக்குக் கிடைப்பது அரிது. அவர் மாறியது பிழை. மக்கள் வாக்களித்தது வேறு சின்னத்துக்கு. ஆயினும் 1982இல் கல்லடியில் விபுலானந்தர் பெயரால் எழுந்த இசை நடனக் கல்லூரியை மறைக்கமாட்டோம். ஊருக்கொரு கல்லூரி கொண்டுவர அமைச்சர் நாற்காலி வேண்டியிருந்ததே, கோளாறு அங்கேதான்!

1987இல் 13ஆவது திருத்தம் வந்தது. விவசாயம், கமநல சேவை, மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனம் ஆகியன மாகாண சபையின் நிரலில் எழுதப்பட்டன. 2008 மே 10இல் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. 37 ஆசனங்களில் மட்டக்களப்புக்கு 11. நகரசபையில் பழகியவர் ஏறுவதற்கு ஒரு படி கிடைத்தது. ஆளுநரின் பிடி இறுகிய படிதான், ஆனாலும் படி. 2012இல் மறுபடி தேர்தல் வந்தது. 2017 செப்டெம்பர் 30இல் சபையின் ஆயுள் முடிந்தது. அதன் பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல ஓடின.

காரணம் கேளுங்கள். 2017இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் செய்தார்கள். புதிய தொகுதி எல்லைகள் வேண்டுமென்றார்கள். எல்லை அறிக்கை 2018 ஆகஸ்ட் 24இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! நீதிமன்றில் தன் வழக்கைத் தானே தோற்கடிக்கும் வாதியை நாம் கண்டதில்லை.

பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சிறு திருத்தச் சட்டம் போதும். சாதாரணப் பெரும்பான்மையே அதற்குத் தேவை. இனி வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், வயல்வரம்பில் நிறுத்தி, அதற்குக் கை தூக்குவீரா என்று கேளுங்கள். ஆம் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.