வாசலில் நிற்பவர் யார்?



இலக்கியக் கூட்டம் நடத்துகிற எவரையும் ஒரு நாள் வந்து பிடித்துக்கொள்கிற கேள்வி இது: சபை கற்றவர்க்கா, எல்லார்க்குமா? கற்றவர்க்கு மட்டும் என்றால் நாலைந்து பேரோடு கதவு சாத்தப்படும். எல்லார்க்கும் என்றால் கூட்டம் கல்யாண வீடாகிவிடும். பேச்சு சம்பளத்தில் தொடங்கி பஸ் நேரத்தில் முடியும்.

எம்பிலிப்பிட்டியவில் தமிழ் வாசகர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே உள்ளோம். ஒரு கடையின் மேல்மாடியில் மாதமொருமுறை கூடுகிறோம். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருபவர்களும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வி எங்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியை இலக்கிய நேயர்கள் அறிவார்கள். டி.கே.சி. சட்டம் படித்தவர், தமிழ்ப் புலவர் பட்டம் பெற்றவரல்லர். அங்கே வந்தவர்களிலும் பலர் வேறு தொழில்களில் இருந்தவர்கள். ஆயினும் பேச்சு சிதறவில்லை. நடுவில் ஒரு பாட்டு இருந்தது; அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்தார்கள். நடுவில் ஒரு பொருள் இருந்தால் சுற்றி யார் அமர்ந்தாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

ஆனால் அந்த வழியில் ஓர் ஆபத்தும் இருந்தது. தம் செவிக்கு ஒவ்வாத கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளினார். பண்டிதர்கள் கோபித்தார்கள். எனக்கு டி.கே.சி. மீது பெருமதிப்பு உண்டு. எனினும் இந்த வழக்கில் நான் பண்டிதர் பக்கம். செவி சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பெழுத அது மட்டும் போதாது.

செவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு எங்கள் சப்ரகமுவவிலேயே ஒரு கதை உண்டு. இலக்கியத் தொடரில் ஆந்தைக்கு என்ன வேலை என்று கேளாதீர்கள். 1995இல் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் இதுவரை கேளாத ஒரு கூவலைக் கேட்டார். புதுப் பறவை என்று அவர் மறுநாளே முரசறையவில்லை. 2001 ஜனவரியில்தான் சிங்கராஜ வனத்தில் அதைக் கண்ணால் கண்டார். 2004இல் அது முறைப்படி அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதற் புதுப் பறவையினம் அதுவே.

அதற்கு வைத்த பெயரையும் கவனியுங்கள். திலோ ஹொப்மன் என்பவரின் பெயர் அது. அவர் தொழிலால் வணிகர், சுவிற்சர்லாந்துக்காரர். 1970களில் சிங்கராஜ வனத்தைக் கோடரியிடமிருந்து காக்கப் போராடியவர். இலங்கையில் பறவை ஆராய்ச்சியே அப்படித்தான் வளர்ந்தது. 1880இல் பெருநூல் எழுதிய லெக் இராணுவ அதிகாரி. 1925இல் கைநூல் எழுதிய வெயிற் சிவில் சேவைக்காரர். 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகத்தில் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பட்டம் கேட்டுப் பயனில்லை. எங்கே கண்டாய், எப்போது, என்ன அடையாளம்? இவற்றுக்கு விடை இருந்தால் குறிப்பு ஏற்கப்படும், இல்லையேல் பேராசிரியர் சொன்னாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதை எங்கள் மேல்மாடிக்கும் கொண்டுவந்தோம். கூட்டத்துக்கு ஒரு நூல். பேசுகிறவர் எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்டிவிட்டுப் பேச வேண்டும். மற்றதெல்லாம் தேநீர் வந்த பிறகு.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியை எடுத்த மாதம். கல்லூரியில் இலக்கியம் கற்பித்த ஒருவர் கூடையும் கொழுந்தும் எதன் குறியீடு என்று நெடுநேரம் விளக்கினார். நல்ல விளக்கந்தான். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர்.

"மாஸ்டர், நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா தராசுகிட்ட கூடையோட நிக்கிறவளுக்கு மனசுல ஓடுறது வேற. ஈரக் கொழுந்துன்னு எவ்வளவு கழிப்பாங்க, கூடைக்கு எவ்வளவு கழிப்பாங்க, பேர் முழுசா விழுமா, அரைப்பேரான்னுதான். அத வச்சு இந்தப் பக்கத்த மறுபடி படிங்க."

படித்தோம். நான் பலமுறை படித்த பக்கம். அன்றைக்குத்தான் அதில் தராசின் முள் ஆடுவதைக் கண்டேன். வரியைக் காட்டிப் பேசினார், விதியை மீறவில்லை. அந்த ஒரு பக்கத்தின் மட்டில் அறையில் துறைபோனவர் அவர்தான். பட்டம் பெற்ற நாங்களெல்லாம் வாசலில் நின்றவர்கள்.

கதை இங்கே இனிதாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்த ஆசிரியர் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. தம்மைச் சபையில் தாழ்த்திவிட்டதாக ஒருவரிடம் சொன்னாராம். போனால் போகட்டும் என்றார் ஓர் இளைஞர். எனக்கு அது சம்மதமில்லை. பழைய இலக்கியத்தில் அவருக்கிருக்கும் பயிற்சி எங்களில் எவருக்கும் கிடையாது. சாமானியரை வரவேற்கிறோம் என்று சொல்லிக் கற்றவரை இழப்பதும் கதவடைப்புத்தான், வேறு பக்கத்துக் கதவு.

வருகிற மாதம் கம்பனில் வாலி வதைப் படலம். பாடல்களுக்கு உரை சொல்ல ஆள் வேண்டும். அழைக்கப் போகிறவர் யாரென்று யோசித்தபோது அந்த அம்மாவே முன்வந்தார்: "நானே போய்க் கூப்பிடுறேன். மாஸ்டர் வந்தா எனக்குப் புரியாதத நெறைய கேக்கணும்."