தட்டு கடைசியில்

மாடிச் சுவரின் வெடிப்பிலோ, கிணற்றுக் கட்டின் கல்லிடுக்கிலோ, காக்கையோ மைனாவோ எச்சமிட்ட விதையிலிருந்து முளைத்து, ஒரு பிடி மண்ணும் இல்லாத அவ்விடத்தில் நான்கைந்து இலைகளோடு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் அரசங்கன்றையோ இச்சிக் கன்றையோ நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன், சுவரைப் பிளந்துவிடுமே என்ற பயத்தில் பிடுங்கி எறிந்தும் இருப்பீர்கள். பயம் நியாயமானதே. ஆனால் அடுத்த முறை எறிவதற்கு முன் அதன் அடிப்பாகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். தண்டு விரற்கடை உயரந்தான் இருக்கும்; வேரோ செங்கல்லின் வளைவு நெளிவுகளை அனுசரித்துப் பருத்து முறுக்கேறி, வயோதிக விருக்ஷம் ஒன்றின் களையோடு இருக்கும். மனிதன் வருஷக்கணக்காகப் பிரயத்தனப்பட்டுத் தொட்டியில் உண்டாக்குகிற அந்த முதுமையை, ஒரு பாழ்ஞ்சுவர் கூலி கேளாமல் செய்து வைத்திருக்கிறது. போன்சாய் வளர்க்க விரும்பும் ஒருவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், இந்தச் சுவரைத்தான் நான் காட்டுவேன்.

நான் தொடங்கிய இடம் வேறு. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மலர்க் கண்காட்சியில், நீல மெருகிட்ட தட்டில் ஒரு சாண் உயரத்துக்கு நின்ற ஆலமரம் ஒன்றைக் கண்டு மோகித்து, வீட்டில் சொல்லக்கூடாத விலை கொடுத்து வாங்கிவந்து, கூடத்து மேஜைமேல், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தேன். பத்தாம் நாள் இலை பழுத்தது. தாகம் போலும் என்று தண்ணீர் விட்டேன், மேலும் பழுத்தது, மேலும் விட்டேன். நாற்பது நாளில் என் கையில் எஞ்சியது தட்டு மட்டுந்தான். ஆலமரம் வெயிலில் நிற்கப் பிறந்த ஜாதி, கூடத்தில் வைக்கும் பொம்மைகளோடு அதைச் சேர்க்கலாகாது என்பதும், வேருக்கு நீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு காற்றும் அவசியம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இந்தத் தட்டு மோகத்துக்குப் பெயரும் ஓரளவு காரணமோ என்று நினைக்கிறேன். ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் ஆழமில்லாத தட்டு. 'சாய்' என்றால் நடுதல். கலையின் பூர்வீகம் சீனம். 706-ஆம் ஆண்டில் அமைந்த, ஜாங்ஹுவாய் என்னும் இளவரசரின் கல்லறைச் சுவரில், தட்டில் சிறு செடிகளையும் கற்களையும் ஏந்திச் செல்லும் பணியாளரின் சித்திரம் இருக்கிறது. அங்கிருந்து ஜப்பானுக்குப் போன கலை அந்நாட்டின் சொந்தச் சொத்தே போல ஆகிவிட்டது. 1923-இல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்துக்குப் பிறகு, அந்நகரத்து போன்சாய் தோட்டக்காரர்கள் பலர் நல்ல மண்ணும் நீரும் தேடி, 1925 முதல் ஓமியா என்ற இடத்தில் குடியேறி, தங்களுக்கென்று ஒரு கிராமமே அமைத்துக்கொண்டார்கள். அங்கே குடியிருக்க விரும்புகிறவர் குறைந்தது பத்து மரமாவது வைத்திருக்க வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், வீட்டுக்கு மாடி கட்டக்கூடாது, பார்க்க வருகிறவர்களுக்கு வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்துக்கொண்டார்களாம். மாடி கட்டாதே என்று தமக்குத் தாமே சட்டம் போட்டுக்கொண்டவர்களை நினைக்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

விஷயத்துக்கு வருவோம். தட்டு என்பது ஒரு மரம் உருவாகி முடிந்த பிறகு ஏறி அமரும் ஆசனம். சிறிய கன்றைக் கொண்டுபோய் முதல் நாளே தட்டில் நட்டால், அது செத்துப்போகாவிட்டாலும், பத்து வருஷம் கழித்தும் பென்சில் பருமனான தண்டோடு அப்படியே நிற்கும். தண்டு பருக்க வேண்டுமானால் வேர் ஓட இடமும், உணவு சமைக்க நிறைய இலையும் வேண்டும். ஆகையால், சுவரிலிருந்து எடுத்த கன்றை முதலில் பெரிய தொட்டியிலோ, அடியில் துளையிட்ட பழைய பெயிண்ட் டப்பாவிலோ, இடமிருந்தால் தரையிலேயோ நட்டு, இரண்டு மூன்று வருஷம் மனம்போல் வளரவிட்டு, தண்டு கட்டைவிரற் பருமன் ஆனதும் தைரியமாகப் பாதிக்கு வெட்ட வேண்டும். நுனிக் கொழுந்து இருக்கும்வரை, அதிலிருந்து கீழிறங்கும் ஒரு சத்து பக்கத்து மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. நுனி போனவுடன், குடும்பத்தில் கெடுபிடியான பெரியவர் யாத்திரை போனதுபோல, உறங்கிக் கிடந்த மொட்டுகளெல்லாம் கிளைகளாகக் கிளம்பும். அவற்றில் ஒன்றைப் புதிய நுனியாக நிமிர்த்தி, மீண்டும் வளரவிட்டு, மீண்டும் வெட்ட வேண்டும். அடி பருத்து மேலே படிப்படியாக மெலியும் பெருமரத்தின் தோற்றம் இப்படித்தான் வருகிறது.

கன்றைப் பெயர்க்க நல்ல காலம், ஆடி பிறந்து வெயில் தணிந்து மழை தொடங்கும் சமயம். சுவர் நனைந்திருக்கும் நாளில் தட்டையான இரும்பு ஒன்றால் நெம்பி, கிடைத்த வேரைக் காயாமல் ஈரத்துணியில் சுற்றிவந்து, இலைகளைப் பாதிக்கு மேல் கிள்ளிவிட்டு நட்டால், இச்சி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சுவரே கிடைக்காத பாக்கியசாலிகள், விரற்பருமனான இச்சிக் கிளையை வெட்டி ஈர மணலில் ஊன்றினாலும் வேர்விடும். புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ ஆகியனவும் ஆரம்பக்காரருக்கு ஏற்றவை. அரசின் இலை பெரிது. அதைச் சிறுக்கவைப்பது பிரயாசை. வெயிலாலும் வெட்டாலும் இலையைச் சிறுக்கச் செய்யலாம். பூவும் காயும் மட்டும் சிறுக்க இணங்கமாட்டா. ஒரு சாண் எலுமிச்சை மரத்தில் முழுப்பழம் தொங்குவதைப் பார்த்தால், குழந்தை தாத்தாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட ஞாபகந்தான் எனக்கு வரும்.

மண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாக நனைத்து, படுக்கைவசமாகக் கையில் வைத்திருங்கள். சிறிது நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தலாக நிமிர்த்துங்கள்; நின்றுபோன நீர் மறுபடி ஒழுகத் தொடங்கும். ஆழமில்லாத பாத்திரத்தில் மண் அதிக நீரைப் பிடித்துக்கொள்வதன் ரகசியம் இதுதான். அதனாலேயே, தோட்டத்து மண்ணை அப்படியே தட்டில் போட்டால் அது சேறாகி வேர் அழுகிவிடும். செங்கல்லை உடைத்து, மிளகளவு முதல் கொண்டைக்கடலை அளவு வரையில் சலித்தெடுத்துக்கொண்டு, அதனோடு பருமணலும், நன்றாக மக்கிய தொழுவுரமோ இலைமட்கோ கொஞ்சமும் சேர்த்துக்கொண்டால் போதும். சலிக்கும்போது கீழே விழும் பொடியை வீணாகிறதே என்று திருப்பிப் போடாதீர்கள். காற்றுப் புகும் சந்துகளையெல்லாம் அடைப்பது அந்தப் பொடிதான்.

நீர் வார்க்கப் பழகவே மூன்று வருஷம் என்று ஜப்பானியத் தோட்டக்காரர்களிடையே ஒரு வசனம் உண்டு. முதலில் கேட்டபோது சிரித்தேன். கடிகாரத்தைப் பார்த்து நீர் விடலாகாது; விரலின் முதற்கணுவரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால், அடித்துளை வழியே நீர் ஓடும்வரை விட வேண்டும். அப்படி ஓடும் நீர் பழைய காற்றை வெளியே தள்ளிப் புதிய காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் காலையிலும் மாலையிலும் விடவேண்டியிருக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

கம்பி சுற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கிளையின் பருமனில் மூன்றிலொரு பங்கு கனமுள்ள அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி, கிளையை வேண்டிய பக்கம் மெள்ள வளைக்கலாம். மழைக்காலத்தில் இச்சி கிடுகிடுவென்று பருத்துச் சில வாரங்களிலேயே கம்பியை விழுங்கத் தொடங்கும் என்பதால், அடிக்கடி பார்த்து, இறுகும் முன் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட வேண்டும். கம்பியை மீதம்பிடிக்க எண்ணித் திருகிக் கழற்றினால் கிளை ஒடியும், ஒடித்திருக்கிறேன்.

வெட்டுகிறாய், முறுக்குகிறாய், இது ஜீவஹிம்சை இல்லையா என்று என் தமக்கை கேட்டாள். பட்டினி போட்ட உயிர் நீடித்து வாழாது. வருஷக்கணக்கில் தட்டில் தழைக்கும் மரம், உரமும் நீரும் வெயிலும் வேளை தவறாமல் பெற்ற மரமாகத்தான் இருக்க முடியும். 1625 முதல் பேணப்பட்டுவரும் வெண்பைன் ஒன்று அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் இருக்கிறது. ஹிரோஷிமாவில் யமாகி என்னும் தோட்டக்காரர் குடும்பத்தில் இருந்த அம்மரம், 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அணுகுண்டு வீழ்ந்த இடத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில், ஒரு மதிற்சுவரின் மறைவில் தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு அதை அன்பளிப்பாகத் தந்த மசாரு யமாகியின் பேரர்கள் 2001-இல் வந்து சொன்ன பிறகே, அந்தச் சரித்திரம் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தது. இவ்வளவையும் தமக்கையிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, மாடிச் சுவரில் வேறொன்று முளைத்திருப்பதாகச் சொன்னாள்.

அந்தக் கன்றுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. நட்டு நான்கு வருஷமாகிறது. இரண்டு முறை தலையை வெட்டியாயிற்று. வீட்டுக்கு வருகிற நண்பர்கள், "உங்கள் போன்சாய் எங்கே?" என்று கேட்டால், மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், துருப்பிடித்த பெயிண்ட் டப்பா ஒன்றைக் காட்டுகிறேன். நீலத் தட்டைக் கழுவி, அலமாரியில் வைத்திருக்கிறேன்.