கல்லில் படர்ந்த கொடி



உரோமக் கட்டடக் கலை என்றதும் தூண்களும் வளைவுகளுமே நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது ஒரு செடியைப் பற்றி. அகாந்தஸ் என்பது அதன் பெயர். நமது களப்புக் கரைகளில் வளரும் கழுதைமுள்ளியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் அகாந்தஸின் அகன்ற இலைகளை உரோமச் சிற்பிகள் கல்லில் செதுக்கிச் சலித்ததில்லை.

இந்த இலை தூணில் ஏறிய கதையை விட்ருவியஸ் தமது நூலில் கூறுகிறார். கொரிந்து நகரில் ஓர் இளம்பெண் இறந்துபோனாள். அவள் ஆசையாக வைத்திருந்த பொருட்களைச் செவிலித்தாய் ஒரு கூடையிலிட்டு, கல்லறையில் வைத்து, ஓடொன்றினால் மூடினாள். கூடையின் கீழே அகாந்தஸ் வேர் கிடந்தது. வசந்தத்தில் இலைகள் எழுந்து கூடையைச் சூழ்ந்தன. ஓட்டின் மூலைகள் தடுக்கவே நுனிகள் சுருண்டன. அதைக் கண்ட கலிமாக்கஸ் என்ற சிற்பி கொரிந்தியத் தூணின் தலைப்பாகத்தை அமைத்தானாம். கதை உண்மையோ பொய்யோ, அந்த அலங்காரத்தின் அடியில் ஒரு தாய்மனத்தின் துயரம் இருக்கிறது.

விட்ருவியஸ் தமது நூலைச் சமர்ப்பித்தது ஒகஸ்தஸ் சீசருக்கு. ஸ்பெயினிலும் கோல் நாட்டிலும் தம் ஆட்சியை நிலைநிறுத்தித் திரும்பிய அந்த ஒகஸ்தஸுக்காக, கி.மு. 13 இல் செனட் சபை சமாதான பலிபீடம் ஒன்றை எழுப்பத் தீர்மானித்தது. கி.மு. 9 இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பளிங்கு மதிலின் வெளிப்புறக் கீழ்ப்பாதியில் கொடிக்கருக்கு வேலைப்பாடு. அகாந்தஸ் புதரொன்றிலிருந்து கொடிகள் சுருள் சுருளாக எழுகின்றன. ஒரே கொடியில் பலவகைச் செடிகளின் பூக்கள்! மேலே அன்னங்கள் சிறகு விரிக்கின்றன. எல்லா வளமும் ஒரே வேரிலிருந்து என்று அந்தக் கல் சொல்கிறது. அந்த வேர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இதன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. இலைகளின் அடியில் ஒரு பறவைக் கூடு. உள்ளே குஞ்சுகள். அவற்றை நோக்கி ஊர்ந்து வரும் ஒரு பாம்பு.

சிதைந்து மண்ணுள் புதைந்த இந்தப் பீடத்தை 1938 இல் முசோலினியின் அரசு மீண்டும் பொருத்தி நிறுத்தியது. 1940 இல் அதே முசோலினி இத்தாலியைப் போரில் இறக்கினார்.

பூக்களைச் செதுக்கச் சொன்னவர்கள் வென்றவர்கள். செதுக்கியவனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவன் எதை எண்ணி அந்தப் பாம்பை வைத்தானோ, எனக்கு மட்டும் அது ஓர் எச்சரிக்கையாகவே படுகிறது. சமாதானம் எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும், குஞ்சுகள் இருக்கும் கூட்டை ஒருவர் காவல் காக்கத்தான் வேண்டும்.