மறந்தோரை நாம் மறவாதிருப்போம்

(வெள்ளி விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நான் கூறப்போகும் நோய்க்கும் கல்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை இறுதியில் விளக்குவேன். முதலில் என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

என் பெரியம்மா நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டவர். ஒருநாள் மாலை, பழகிய வரப்பின் மீது நடந்துவந்தவர், வீட்டுக்கு வழி தெரியாமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். நாளடைவில் உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டார். பெற்ற மகளையே "நீ யார் வீட்டுப் பெண்?" என்று வினவினார். பேய் பிடித்தது என்றனர் சிலர். வயதின் கோளாறு என்றனர் வேறு சிலர். தாய் இரவில் எழுந்து வெளியே போய்விடுவாரோ என்று அஞ்சி, மகள் தன் முந்தானையைத் தாயின் கையோடு முடிந்துகொண்டு உறங்கினாள். கூலி வேலையும் நின்றது. அடுப்பு எரிவதே அரிதாயிற்று.

இதுவே மறதிநோய், டிமென்ஷியா என்பர். இது பேயும் அன்று, பித்தும் அன்று; மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைவதால் வருவது. இதன் தலையாய வகையை ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

நோய் மிகுந்த இடம் கிராமம். மருத்துவ வல்லுநர் இருக்குமிடமோ நகரம். இடைப்பட்ட தொலைவைக் குறைப்பதே தொலை மருத்துவம். சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்குத் தொலைத்தொடர்புக் கருவிகள் பொருத்திய பேருந்தை அனுப்பி, மனநல மருத்துவரைத் திரையில் காணும்படி செய்தது. இன்று அத்தகைய கருவி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு தொலை மருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. மறதிநோயாளர் போன்று தாமே பேச இயலாதவர்களுக்காக, அவர்களைப் பேணுபவரே மருத்துவருடன் பேசலாம் என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. இந்த உரிமையை நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும்.

எங்கள் வீட்டிற்கு வருவோம். செவிலியர் படிப்பு படித்துவந்த அடுத்த வீட்டுத் தம்பி, பெரியம்மாவை முதலில் அரசு மருத்துவமனைக்கு நேரில் அழைத்துச் சென்றான். அது சரியான செயல். தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோல் தோன்றும். அவை மருந்தால் சீராகக்கூடியவை. இரத்தச் சோதனையைத் தொலைபேசி செய்துவிடாது. நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மாதந்தோறும் மருத்துவருடன் தொலைபேசித் திரையில் பேச ஏற்பாடாயிற்று. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சின. நெரிசலைக் கண்டு தாய் அலறுவதும் நின்றது.

மருத்துவர் மருந்தைக் காட்டிலும் வழிமுறைகளையே அதிகம் கூறினார். "தவறாகச் சொன்னால் வாதாடாதே, அச்சத்தை மட்டும் தணி. கையைக் கட்டாதே, கதவில் சிறு மணியைக் கட்டு. பகலில் வெயில் படும்படி நடக்கவிடு, கைப்பழக்கமான வேலையைக் கொடு" என்றார். கீரை ஆய்வது பெரியம்மாவின் வேலையாயிற்று. இரவு உறக்கம் ஓரளவு திரும்பியது. அண்டை வீட்டார் முறை வைத்துப் பார்த்துக்கொண்டதால், மகள் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குச் சென்றாள். நோய் தீரவில்லை, தீர்க்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும் முந்தானை முடிச்சு அவிழ்ந்தது.

பேணுபவரும் ஓர் உயிரே. அவருடைய கண்ணீருக்கும் செவி வேண்டும். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசு மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் உண்டு. திடீரெனக் குழப்பம் மிகுந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, தொலைபேசித் திரைக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இனிக் கல்விக்கு வருகிறேன். மறதிநோய்க்கு வழிவகுப்பவற்றுள் நம்மால் மாற்றக்கூடியவை பதினான்கு என 2024-இல் லான்செட் ஆய்வுக் குழு வரிசைப்படுத்தியது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, செவிக் குறைபாடு ஆகியவற்றோடு, இளமையில் கல்வி குன்றியதும் அவற்றுள் ஒன்று. நம் தாய்மார் தாமாகவா பள்ளியைத் துறந்தனர்? பள்ளிப் படி அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த அநீதி அறுபதாண்டுகள் கழித்து நோயின் வடிவிலும் வந்து நிற்கிறது. அம்மட்டோ! நினைவைச் சோதிக்கும் வினாக்கள் பலவும் எழுதச் சொல்லும், படிக்கச் சொல்லும். எழுத்தறியாதவர் நலமாயிருந்தும் தோற்றுவிடக்கூடும். இக்குறையை நீக்கவே ஹரியானாவின் பல்லப்கர் பகுதி முதியோருக்கென இந்தியில் தனிச் சோதனை ஒன்று வகுக்கப்பட்டு, 1995-இல் வெளியாயிற்று. ஆகவே, "இவர் பள்ளி செல்லாதவர்" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள்.

இளைஞர்களே! இச்சங்கத்தின் உதவியால் படித்தவர் நீங்கள். உங்களிடம் நான் வேண்டுவது பெரிய தியாகம் அன்று. உங்கள் தெருவில் நினைவு தளர்ந்த முதியோர் யாரென்று அறியுங்கள். உறக்கம், உணவு, உட்கொள்ளும் மருந்து, விழுந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொடுங்கள். மருத்துவர் பேசும் நேரத்தில் வெளிச்சமும் அமைதியும் உள்ள இடத்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அருகில் இருங்கள். அவர்களுடைய நிலையைப் படமெடுத்துப் பிறருக்கு அனுப்பாதீர்கள்; அவர்கள் மானம் நம் மானம்.

நாம் எழுத்தறிய வேண்டுமென்று தாம் எழுத்தறியாமலே உழைத்தவர்கள் அவர்கள். இன்று நம் பெயரை அவர்கள் மறந்திருக்கலாம். அவர்கள் பெயரை நாம் மறவாதிருப்போம்.